ஒற்றைக் கிண்ணம்

கிண்ணம் ஒன்றுதான் வந்தது. அதை முதலில் கவனித்தவள் தொக்தோ.

வடக்குப் படையின் தலைவர்களில் ஒருவனான உக்குமாரி முற்றத்துக்குள் நுழைந்தபோது காலை வெயில் சுவரில் பாதிவரை இறங்கியிருந்தது. பழைய அரசரை அப்போதுதான் வெளியே தூக்கிவந்து உட்கார வைத்திருந்தார்கள். அவர் இறந்து நாற்பது வருடம் ஆகிறது. முழங்கால்களை மார்போடு சேர்த்து, கைகளைக் குறுக்கே மடக்கி உட்கார்ந்திருப்பார். தோல் கறுத்து இறுகியிருந்தாலும் புருவத்தில் ஒரு மயிர் உதிரவில்லை. கண் இருந்த இடத்தில் மெல்லிய பொன் தகடு. வலப்பக்கம் ரிமாச்சி நின்று இறகு விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். இடப்பக்கம் அவருடைய போர்வையின் நுனியைக் கையில் பிடித்தபடி தொக்தோ உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருடமாக அவள்தான் அவருடைய வாய்.

உக்குமாரி எல்லாவற்றையும் முறைப்படி செய்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். அரசர்முன் வருகிறவன் சுமையோடு வரவேண்டும் என்பதற்காக முதுகில் சிறு மூட்டை ஒன்றைக் கட்டியிருந்தான். குனிந்து, தன் இமை மயிர் ஒன்றைப் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்து அரசரை நோக்கி ஊதினான். பிறகு துணியைப் பிரித்து மரக் கிண்ணத்தை நீட்டினான்.

குஸ்கோ நகரத்தில் யாரும் ஒற்றைக் கிண்ணத்தைக் கொண்டு விருந்துக்கு அழைப்பதில்லை. ஒரே மரத்தில் ஒரே கை செதுக்கிய இரண்டு கிண்ணங்கள் இருக்கும். ஒன்றில் அழைப்பவன் குடிப்பான், மற்றதை எதிரே இருப்பவனுக்குக் கொடுப்பான். சேர்ந்து குடித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கை வைப்பதில்லை. கிண்ணத்தை வாங்க மறுத்தால் அது போர்.

"எங்க ராசா தன்னோட உருவச் சிலையை வடக்கேர்ந்து அனுப்பிச்சிருக்காரு," என்றான் உக்குமாரி. "பெரிய ராசா வந்து அதோட ஒரு வாய் கள்ளு குடிக்கணுமாம். நாளைக்கு, உச்சி வெயிலுக்கு முன்னாடி. எங்க கூடாரத்துல."

"கிண்ணம் ஒண்ணுதான் இருக்கு," என்றாள் தொக்தோ.

"அதோட ஜோடி அங்க காத்திருக்கும்மா. ரெண்டும் நாளைக்குச் சேரும்."

அவன் சிரித்த முகத்தோடுதான் சொன்னான். ரிமாச்சி விசிறியை நிறுத்தாமல் வாயை மட்டும் அவள் பக்கம் திருப்பினான். "வடக்குல பானையில வாய வச்சுத்தான் குடிப்பாங்கன்னு கேள்வி. கிண்ணம்னு ஒண்ணைக் கொண்டாந்ததே பெருசு, விடு."

அவனுக்கு எல்லாம் வேடிக்கைதான். தொக்தோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பதில் சொல்லவேண்டியவர் அரசர். அவள் கண்ணை மூடிப் போர்வை நுனியை இறுக்கிப் பிடித்தாள். வழக்கமாகச் சொல் தானாக வரும். தூரத்து வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டதுபோல முதலில் ஒரு சத்தம், பிறகு சொல். எந்த வயலில் எப்போது விதைப்பது, எந்தப் பெண்ணை யாருக்குக் கொடுப்பது, சதுக்கத்தில் எந்த அரசரோடு உட்கார்ந்து குடிப்பது என்று இருபத்தாறு வருடமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. இன்று அவள் காத்திருந்தாள். ஈ ரீங்கரிப்பது மட்டும் கேட்டது.

"வர்றாராம்," என்று அவளாகவே சொன்னாள். வேறென்ன சொல்லமுடியும்.

"பெரிய ராசா தனியா கிளம்பற வழக்கம் இல்லையே," என்றான் உக்குமாரி. "வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் கூட வரணும். கைக்குழந்தை வரைக்கும். மத்தியானத்துக்கு மேல முடிச்சுக்காரரைக் கூட்டியாறேன், ஒரு எண்ணிக்கை எடுத்துட்டுப் போயிடறோம். யாருக்கும் சாப்பாடு குறையக் கூடாது பாருங்க."

அவன் பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டினான். அரசருக்கு முதுகு காட்டாமல் போகத் தெரிந்தவன்.

இதில் குறைசொல்ல என்ன இருக்கிறது என்றுதான் வீட்டார் எல்லாரும் நினைத்தார்கள். ஆறு மாதமாகப் பயத்தில் இருந்தவர்கள். ஆறு மாதத்துக்கு முன்பு, பழைய அரசருக்குப் பின் ஆண்டவரின் பிள்ளைகளில் குஸ்கோவில் ஆண்ட மகனுக்கும் வடக்கே படையோடு இருந்த மகனுக்கும் சண்டை மூண்டபோது, நகரத்து ராசா இந்த முற்றத்துக்குத்தான் முதலில் வந்தார். அவருடைய தாய் பிறந்த வீடு இது. நல்ல நிலமெல்லாம் செத்தவர்கள் கையில் இருக்கிறது, அவர்களைப் புதைத்துவிட்டு எடுத்துக்கொள்ளவேண்டும் என்று அதற்கு முந்தின வருடம் குடிவெறியில் கத்தியவர், அன்று மூட்டை சுமந்து வந்து மண்டியிட்டார். பழைய அரசர் தொக்தோவின் வாயால் ஊர் கேட்கச் சொன்னார்: போ, வெற்றி உன்னுடையது. அன்று சொல் வெள்ளம்போல வந்தது. அவள் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

போருக்குப் போன நகரத்து ராசா பிடிபட்டார். அவரோடு போன இந்த வீட்டு ஆண்கள் நாற்பத்தோரு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. தொக்தோவின் மருமகனும் அவர்களில் ஒருவன்.

வடக்குப் படை நகரத்துக்குள் வராமல் வெளியே மேட்டில் தங்கியது. காது வளர்த்த பெரிய மனிதர்களை ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு உருவத்தின்முன் மண்டியிட வைத்தது. சிலர் முதுகில் கல்லடி வாங்கித் திரும்பினார்கள். சிலர் அடிபடாமல் திரும்பினார்கள். யாரும் நிறையப் பேசவில்லை. இந்த வீட்டை மட்டும் அவர்கள் கூப்பிடவேயில்லை. இப்போது கள் குடிக்கக் கூப்பிடுகிறார்கள். பெண்கள் பெட்டியைத் திறந்து இறகு ஆடைகளை உதறிக் காயப்போட்டார்கள். யாரோ பாடத் தொடங்கினார்கள்.

"தப்பிச்சோம்," என்று சொல்லிக்கொண்டே தொக்தோவின் மகள் சிசா அம்மாவின் அருகில் வந்து தூணில் சாய்ந்தாள். ஆறு மாத வயிறு. அரசருக்குப் படைக்கிற சோற்றைச் சமைத்து, அவர் எதிரில் எரிப்பது அவள் வேலை. "அந்த மேடு வரைக்கும் நான் நடக்கணுமா? தாத்தா பல்லக்குல கொஞ்சம் தள்ளி உக்காந்தா நானும் ஏறிப்பேன். செத்தவருக்கு அவ்வளவு இடம் எதுக்கு?"

"வாயை அடக்கு."

"உன் வாயை அவருக்குக் குடுத்துட்ட. என் வாயாவது என்கிட்ட இருக்கட்டும்," என்றாள் சிசா. பிறகு குரலை இறக்கி, "பசிக்குதும்மா. எப்பப் பாத்தாலும் பசிக்குது," என்றாள்.

தொக்தோவுக்குத் தெரியும். நான்கு நாள் முன்பு, அரசருக்கு வைத்த தட்டிலிருந்து பனியில் உலர்த்திய உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்துச் சிசா வாயில் போட்டுக்கொண்டதை அவள் பார்த்தாள். அந்தத் தட்டு நெருப்புக்குப் போகவேண்டியது. அதில் கை வைத்தால் கல்லெறிந்து கொல்வார்கள். தொக்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

உச்சி வெயிலில் ரிமாச்சி வெறும் குடத்தோடு திரும்பி வந்தான். அரசருக்குத் தினமும் மக்காச்சோளக் கள் வாங்கிவருவது அவன்தான். இருபத்தாறு வருடமாக அவனுக்கும் தொக்தோவுக்கும் இடையில் ஒரு பல்லக்கின் அகலம்தான் இடைவெளி. ஒருவர் மூச்சு மாறினால் மற்றவருக்குத் தெரியும். அவன் வேடிக்கை பேசாமல் வந்து நின்றதே அவளுக்கு உறைத்தது.

"கள்ளு கிடைக்கலையா?"

"கிடைச்சுது. கையில எடுக்க மறந்துட்டேன்." குடத்தைக் கீழே வைத்தான். "கள்ளு காய்ச்சற பொம்பளைங்ககிட்ட, நாளைக்கு விருந்தாமே, எத்தனை பானை கேட்டாங்கன்னு சும்மா கேட்டேன். ஒரு பானையும் கேட்கலையாம்."

"வடக்குலேர்ந்து கொண்டுவந்திருப்பாங்க."

"தொக்தோ, நான் குடிகாரன். கள்ளைப் பத்தி எனக்குத் தெரியாதா? இருநூறு பேருக்குன்னா நாலஞ்சு நாள் முன்னாடியே சோளத்தை மென்னு துப்பிக் காய்ச்சியிருக்கணும். இங்கேர்ந்து அந்த மேடு கூப்பிடு தூரம். காய்ச்சற வாசனை நமக்கு வராதா?" அவன் கொஞ்சம் தயங்கினான். "விறகு மட்டும் கேட்டிருக்காங்களாம். விறகும் காஞ்ச புல்லும். நேத்துலேர்ந்து லாமா முதுகுல மூட்டை மூட்டையா போகுதாம்."

இருவரும் அரசரைப் பார்த்தார்கள். பொன் தகடுகளில் வெயில் பட்டு மின்னியது.

"அவரை யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க," என்றான் ரிமாச்சி. சொல்லிவிட்டு, அது பதில் எதிர்பார்க்கிற கேள்விபோல அவள் முகத்தைப் பார்த்தான். எந்தப் போரிலும் செத்த அரசரை யாரும் தொட்டதில்லை. உயிரோடு இருக்கிறவர்களை வெட்டுவார்கள், தோலை உரித்து முரசு கட்டுவார்கள். செத்தவர்களை வணங்குவார்கள். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இதுவரைக்கும்.

பிற்பகலில் உக்குமாரி முடிச்சுக்காரரோடு வந்தான். கூடவே வந்த முப்பது படைவீரர்கள் முற்றத்துக்குள் வராமல் இரண்டு வாசலிலும் நின்றுகொண்டார்கள். முடிச்சுக்காரர் வற்றிய கிழவர். கணக்கை முடிச்சாகப் போட்டுவைக்கிற நூல் கற்றைகள் இடுப்பில் தொங்கின. வீட்டார் குடும்பம் குடும்பமாக அவர் எதிரில் வந்து நின்றார்கள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தபடியே கேட்டுக் கேட்டு முடிச்சுப் போட்டார். ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம், பால்குடிக்கு ஒரு நிறம். பேச்சும் சிரிப்புமாகத்தான் நடந்தது. ரிமாச்சியின் மகளும் மகனும் வரிசையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். பையன், "தாத்தா, என் முடிச்சைப் பெருசாப் போடுங்க, நான் ரெண்டு பேர் சாப்பாடு சாப்பிடுவேன்," என்றான். கிழவர் தலை நிமிரவில்லை.

சிசாவின் முறை வந்தது. ஒரு கையில் அரசருக்குப் படைக்கும் தட்டு. கிழவர் அவளுக்கு ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு விரல்கள் நின்றன.

"எத்தனை மாசம்?"

"ஆறு," என்றாள் சிசா. "அதுக்கும் சோறு போடுவீங்களா?"

கிழவர் அவள் முடிச்சுக்குப் பக்கத்தில் மெல்லிய சிவப்பு நூலை எடுத்துச் சின்னதாக ஒன்று போட்டார்.

தொக்தோ அதைப் பார்த்தாள். பிறக்காத பிள்ளையை எந்த விருந்துக்கும் எண்ணுவதில்லை. வரிக்கு எண்ணுவதில்லை, படைக்கு எண்ணுவதில்லை. ஒன்றுகூட மிச்சம் இருக்கக்கூடாது என்று நினைக்கிறவன்தான் அதை எண்ணுவான்.

அவள் போர்வை நுனியைப் பிடித்துக் கண்ணை மூடினாள். சொல்லுங்கள் என்றாள் மனதுக்குள். உங்களைக் கேட்டுத்தான் நாற்பத்தோரு பேர் போனார்கள். இப்போது ஒரு சொல் சொல்லுங்கள். வாய்க்கால் காய்ந்துகிடந்தது. கையில் இருந்தது வெறும் துணி.

அந்த வீட்டில் பிறந்தவளையோ கட்டிக்கொண்டு வந்தவளையோ வீட்டிலிருந்து நீக்க உயிரோடு இருக்கிற எவராலும் முடியாது. ஓடவும் முடியாது. தலைக்கட்டைப் பார்த்தாலே எந்த வீட்டு ஆள் என்று பாலத்துக் காவலன் சொல்லிவிடுவான். இன்னொருவர் தலைக்கட்டைத் திருட்டுத்தனமாக அணிந்தால் அதற்கும் சாவுதான். நீக்க முடிந்தவர் ஒருவரே. அவர் பேசமாட்டேன் என்கிறார்.

தொக்தோ பேசினாள்.

"நிறுத்து." அவர் பேசும்போது வருகிற அந்த அடிக்குரலில்தான் வந்தது. முற்றத்தில் சிரிப்பு அடங்கியது. "என் தட்டுல குறையுது. அந்தப் பொண்ணு என் சோத்துல கை வச்சா. நெருப்புக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்துத் தின்னா."

சிசா முதலில் சிரித்தாள். பிறகு முகம் வெளுத்தது. தட்டைக் கீழே வைத்தாள்.

"தாத்தா," என்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை, பொன் தகடுகளைத்தான் பார்த்தாள். "ஒரே ஒரு கிழங்கு. பசி தாங்கல. ஒண்ணே ஒண்ணுதான்."

கூட்டத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. யாருக்கும் தெரியாததை அரசர் பார்த்துவிட்டார். வயதான பெண் ஒருத்தி கீழே விழுந்து இமை மயிரைப் பிடுங்கி ஊதினாள்.

"எங்க பக்கம் இதுக்குக் கல்லால அடிப்போம்," என்றான் உக்குமாரி.

"இங்கயும் அதான்," என்றது கூட்டத்தில் ஒரு குரல். அது சிசாவின் மாமனார். மகனைப் போரில் இழந்தவர்.

"நாளைக்கு விருந்துக்குப் போறேன்," என்றது அடிக்குரல். "என் முற்றத்துல ரத்தம் சிந்தக் கூடாது. அவ முடியை வெட்டு. தலைக்கட்டை அவிழு. மராஸ் உப்புப் பாத்திக்கு அனுப்பு, சாகறவரைக்கும் உப்பு வாரட்டும். இனி அவ என் ரத்தம் இல்ல. அவ வயித்துல இருக்கறதும் இல்ல. ரெண்டு முடிச்சையும் அவிழ்த்துடு."

முடிச்சுக்காரர் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து உக்குமாரியைப் பார்த்தார். உக்குமாரி கிழவரைக் கையமர்த்தினான். தொக்தோவின் அருகில் வந்து நின்றான். அவனிடமிருந்து புகைவாடை அடித்தது. அவளைத் தாண்டி ரிமாச்சியிடம் கேட்டான்.

"நீ இத்தனை வருஷம் பக்கத்துலயே நிக்கறவன். இது பெரிய ராசா குரல்தானா?"

அப்போதுதான் தொக்தோ தன் கையைக் கவனித்தாள். போர்வை நுனி அவள் கையில் இல்லை. எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. அது அரசரின் முழங்காலில் விழுந்து கிடந்தது. ரிமாச்சியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விசிறி இரண்டு தடவை போய்வந்தது. வரிசையின் அந்தக் கோடியில் அவன் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"அவரு குரல்தான்," என்றான் ரிமாச்சி. "கோபம் வந்தா இப்படித்தான் இருக்கும்."

உக்குமாரி தலையசைத்தான். செத்த அரசரின் சொல்லை முப்பது வீரர்கள் கேட்டிருக்கிறார்கள். நாளைக்கு என்ன செய்வதாக இருந்தாலும், இன்று அதை மீற அவனுக்குத் தைரியம் போதவில்லை. கிழவரின் விரல்கள் நூலைத் தேடின. பெரிய முடிச்சு லேசாக அவிழ்ந்தது. சின்ன முடிச்சு இறுகியிருந்ததால் நகத்தால் கீறி எடுக்க வேண்டியிருந்தது.

கத்தியால் சிசாவின் கூந்தலை வெட்டியது அவள் மாமனார்தான். உப்புக்காரர்களின் கறுப்புக் கம்பளித் தலைக்கட்டை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். உப்பு லாமாக்கள் நகரத்துக் கிடங்கில் சுமை இறக்கிக்கொண்டிருந்தன, மறுநாள் வெயில் ஏறியபிறகு கிளம்பும் என்றார்கள். வாசலில் நின்ற வீரன் ஒருவனோடு அவளை அங்கே அனுப்பினார்கள்.

போகும்முன் அவள் அம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். வெட்டிய முடியில் கழுத்து சிறு பிள்ளையுடையதுபோல மெலிந்து தெரிந்தது.

"அம்மா, நான்தான் தப்பு பண்ணேன். தாத்தாகிட்ட எடுத்துச் சொல்லு. குழந்தை பொறந்ததும் மன்னிச்சு என்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லு. உன் பேச்சை அவரு கேப்பாரு இல்ல?"

உக்குமாரி பத்தடி தூரத்தில் நின்றான். தொக்தோ மகளைத் தொடவில்லை.

"கூப்பிட மாட்டாரு," என்றாள். "கூப்பிட்டாலும் வராத. யாரு வந்து கூப்பிட்டாலும் வராத."

சிசா கறுப்புத் தலைக்கட்டைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டாள். "நீயுமா?" என்றாள். எழுந்து போனாள். எழும்போது தரையில் கையூன்றினாள். தூக்கிவிட யாரும் வரவில்லை.

வீரர்கள் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். நாளைய விருந்துக்கு மரியாதைக் காவல் என்றார்கள். அரசரை உள்ளே தூக்கிவைத்துப் போர்வை மாற்றும்போது ரிமாச்சி பேசினான். அறையில் அவர்கள் இருவரும் அரசரும்தான்.

"எனக்கு ரெண்டு இருக்கு, தொக்தோ."

அவள் போர்வையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"திரும்ப அவரைப் பேசவை. அவன் இன்னும் வாசல்லதான் நிக்கறான். என் பிள்ளைங்க எதையோ திருடினாங்கன்னு சொல்லு. அவரை மிதிச்சாங்கன்னு சொல்லு. உனக்குச் சொல்லித் தரணுமா?"

"ஒருத்தியைத் துரத்தினா அது கோபம். மூணு பேரைத் துரத்தினா அவனுக்குப் புரிஞ்சுடும். சிசாவையும் திரும்பக் கூட்டியாந்துடுவான்."

"பண்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா உன் பிள்ளைங்க பேரைச் சொல்லச் சொல்லியிருப்ப."

"ஆமா."

"அதான் கேக்கல."

ரிமாச்சி சுவரோரமாக உட்கார்ந்தான். கோக்கா இலையைப் பையிலிருந்து எடுத்து, வாயில் போடாமல் விரலுக்கிடையில் கசக்கிக்கொண்டிருந்தான். வெளியே பெண்கள் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். சிசாவின் விஷயம் அவர்களைப் பயமுறுத்தவில்லை, தைரியம்தான் கொடுத்திருந்தது. அரசர் விழித்திருக்கிறார், ஒரு கிழங்கு குறைந்தால்கூடப் பார்க்கிறார். அவர் கூட வரும்போது நமக்கு என்ன.

"எல்லார்கிட்டயும் சொல்லிடலாமா?" என்றான்.

"சொல்லு. என்னன்னு சொல்லுவ?"

அவன் யோசித்தான். "அவரு பேசலன்னு சொல்லணும். நீ பேசினன்னு சொல்லணும்." இலைத் தூளைத் தரையில் உதறினான். "நம்பமாட்டாங்க. நம்பினாலும் அவரை விட்டுட்டு எங்க போவாங்க. என் பொண்டாட்டியே போகமாட்டா." பிறகு அரசரைப் பார்த்துக் கேட்டான், வழக்கமான தன் வேடிக்கைக் குரலில் பாதியோடு. "ஏன் ராசா, நாற்பது வருஷம் சோறு போட்டோமே, நன்றி கெட்ட மனுஷா."

அவர்கள் இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். சிரித்தது தவறு என்று இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் பாதையைக் கூட்டுகிறவர்கள், பின்னால் பாடுகிறவர்கள், நடுவில் பல்லக்கு. வழியெல்லாம் மற்ற வீட்டார் நின்று இமை மயிரைப் பிடுங்கி ஊதினார்கள். ஆனால் யாரும் பின்னால் சேர்ந்துகொள்ளவில்லை. வழக்கமாகப் பாதி நகரம் பின்னால் வரும். சதுக்கத்தைத் தாண்டும்போது மற்ற செத்த அரசர்களின் முற்றங்கள் எல்லாம் சாத்திக்கிடந்ததைத் தொக்தோ கவனித்தாள். ஒரு வீட்டு வாய்கூட வெளியே வந்து, நாங்களும் வருகிறோம் என்று சொல்லவில்லை.

ரிமாச்சி பல்லக்கின் வலப்பக்கம் நடந்தான். விசிறி ஒரு கையில். மறு கையில் மகளின் கை. பையன் அவன் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டபடியே வந்தான். அப்படிப் பிள்ளைகளைப் பல்லக்கின் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பது முறையில்லை. தொக்தோ அதைப் பார்த்தும் நேரே நடந்தாள்.

மேட்டில் கல்சுவர் எழுப்பிய பெரிய பட்டி ஒன்று இருந்தது. லாமாக்களை மயிர் வெட்ட அடைக்கிற இடம். ஒரே ஒரு வாசல். உள்ளே நடுவில் சமமாக்கிய மண் மேடை. சுவரையொட்டி நான்கு பக்கமும் விறகும் காய்ந்த புல்லும் மார்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. இறகு ஆடைகள் சரசரக்க எல்லாரும் உள்ளே நிறைந்தார்கள். சிரிப்பும் பாட்டும் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

"அடுப்பு எங்கப்பா?" என்று கேட்டான் ரிமாச்சியின் மகன்.

ரிமாச்சி அவனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

வடக்கு ராசாவின் உருவத்தையும் காணவில்லை. உக்குமாரி வாசலில் நின்றிருந்தான். இன்று அவன் செருப்பைக் கழற்றவில்லை. முதுகில் மூட்டை இல்லை. கையில் நேற்றுக் கொடுத்த அதே கிண்ணம். அதை வாங்கித் தொக்தோ பல்லக்கில் வைத்திருந்தாள், இறக்கும்போது யாரோ எடுத்துக் கொடுத்திருக்கவேண்டும்.

"ஜோடி எங்கே?" என்றாள் அவள்.

"இதுக்கு ஜோடி செதுக்கவே இல்லம்மா," என்றான். அவன் குரலில் வன்மம் இல்லை. களைத்த மனிதன்போலத்தான் இருந்தான். கிண்ணத்தைக் கவிழ்த்து மண்ணில் வைத்தான். "பெரிய ராசா ஏதாவது சொல்லணும்னா சொல்லட்டும். கேட்டுக்கறேன்."

இருநூறு முகங்களும் தொக்தோ பக்கம் திரும்பின. பால்குடிக் குழந்தை ஒன்று சிணுங்கியது. அவள் போர்வை நுனியைப் பிடித்தாள். பழக்கம் காரணமாக ஒரு கணம் காத்தும் பார்த்தாள்.

அங்கிருந்து மேற்கே, மராஸுக்குப் போகிற பாதை ஏறும் கார்மெங்கா மேடு தெரியும். அந்தப் பக்கம் சுவர் தோள் உயரம்தான், வெளியே ஈட்டி பிடித்த வீரர்கள் நின்றார்கள். வெயிலில் வெளுத்த பாதையில் லாமாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. உப்புப் பாத்திக்குத் திரும்புகிற வெற்று லாமாக்கள். கூடவே புள்ளி புள்ளியாக ஆட்கள். யார் யார் என்று இந்தத் தூரத்தில் சொல்லமுடியாது. ஒரு புள்ளி மட்டும் அடிக்கடி நின்று, பிறகு நடந்தது.

"ராசா மேற்கே பாக்கணுமாம்," என்றாள் தொக்தோ தன் சொந்தக் குரலில். "பல்லக்கைத் திருப்புங்க."

தூக்குகிறவர்கள் திருப்பினார்கள். அரசர் பார்க்கிற திசையைத்தான் அந்த வீட்டார் பார்ப்பது வழக்கம். ஆகவே இறகும் பொன்னும் அசைய எல்லாரும் மேற்கே திரும்பினார்கள், வாசலுக்கு முதுகைக் காட்டியபடி. ரிமாச்சி பையனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "அங்க பாரு," என்று அவனுக்கு லாமாக்களைக் காட்டினான். "எத்தனைன்னு எண்ணு பாப்போம்."

பையன் சத்தமாக எண்ணத் தொடங்கினான். பின்னால் செருப்புச் சத்தங்கள் வந்தன, பிறகு வாசலை அடைக்கிற கல் உருளும் ஓசை. யாரும் திரும்பவில்லை. மேட்டின் உச்சியில் அந்தப் புள்ளி மறுபடி நின்றது. திரும்பிப் பார்க்காதே என்று தொக்தோ வேண்டிக்கொண்டாள். அரசரிடம் வேண்டவில்லை.

புல் பற்றிக்கொண்ட முதல் வாசனை காற்றில் வந்தபோது பையன் பதினேழு வரை எண்ணியிருந்தான். ரிமாச்சி விசிறியை நிறுத்தவில்லை. புள்ளி நகர்ந்தது, மேட்டைத் தாண்டியது, பிறகு பாதை வெறுமையாக இருந்தது.